வலி போன பிறகும் குழைந்த சாதம்தான்: பல் இம்ப்ளான்ட்டுக்குப் பின் சாப்பாடு

பத்தாம் நாள் வாக்கில் தையலைப் பிரித்துவிடுகிறார்கள். கன்னத்து வீக்கம் வற்றிவிட்டது, மாத்திரை தீர்ந்துவிட்டது, தொட்டால்கூட வலி இல்லை. கஞ்சி குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போயிருக்கிறது. "இனிமேல் என்ன, எல்லாம் சாப்பிடலாம்" என்று வீட்டில் யாராவது ஒரு தட்டில் இரண்டு முறுக்கை வைத்து நீட்டுகிறார்கள். எலும்புக்குள் இறக்கிய ஸ்க்ரூவுக்குச் சோதனைக் காலம் தொடங்குவது ஏறத்தாழ அந்த நாளில்தான்.

இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குக் கிடைக்கும் உணவுக் குறிப்புகள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு நின்றுவிடுகின்றன. முதல் வாரத்தில் வலியே காவல் காக்கும், யாரும் கடித்துப் பார்க்கத் துணிவதில்லை. அதற்குப் பின் உள்ளே எலும்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான், எதை எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்பது பிடிபடும்.

இம்ப்ளான்ட் என்பது இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக வைக்கும், ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டைட்டானியம் ஸ்க்ரூ. தாடை எலும்பில் அதைவிடச் சற்றே சிறிய துளை போட்டு, அதில் திருகி இறக்குகிறார்கள். அன்றைய பிடிப்பு மரக்கட்டையில் திருகிய ஸ்க்ரூவின் பிடிப்பு மாதிரிதான்: மரை எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. ஆனால் துளை போட்டபோது அடிபட்ட எலும்பை உடம்பு அப்படியே விட்டுவைப்பதில்லை. அதை அரித்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கிறது. பழையது கரைந்து, புதியது இன்னும் கெட்டிப்படாத இடைவெளி ஒன்று வருகிறது. மூன்றாவது, நான்காவது வாரங்கள் அவை. ஆபரேஷன் செய்த அன்று இருந்த பிடிப்பைவிட அப்போது பிடிப்பு குறைவு.

டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களின் கால் எலும்பில் கவனித்தார். 1965இல் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அவர் வகுத்த முறையில் ஸ்க்ரூவை ஈறுக்குள் புதைத்துத் தைத்துவிட்டு, கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் எந்தப் பாரமும் விழாமல் காத்திருப்பார்கள். இன்று பலருக்கு அந்தக் காத்திருப்பைக் குறைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி எலும்பு பற்றுவதை விரைவுபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் பழைய எலும்பு கரைந்து புதியது கெட்டிப்படும் அந்த நடு வாரங்களைத் தாண்டிக் குதிக்க வழி இல்லை.

அந்த வாரங்களில் ஸ்க்ரூ எவ்வளவு அசையலாம்? சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் பொறுத்துக்கொள்ளும் என்பது பல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்த தடிமன் அது. அதைத் தாண்டித் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்படி வளரும்போது பெரும்பாலும் வலிக்காது. மூன்று மாதம் கழித்துப் பல் பொருத்த உட்காரும்போது, ஸ்க்ரூ கருவியோடு சேர்ந்து சுழலும். அப்போதுதான் தெரியவரும்.

ஆக, சாப்பாட்டுக்கு இரண்டு கட்டளைகள். ஸ்க்ரூவை அசைக்கக் கூடாது, எலும்பும் ஈறும் வளரத் தேவையானதைக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் முதலாவதைப் பாதி நாள்தான் கடைப்பிடிக்கிறோம். இரண்டாவதைப் பத்தியம் என்ற பெயரில் நாமே தடுத்துவிடுகிறோம்.

முதல் 24 மணி நேரம்

கீழ்த்தாடையில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் வரை உணர்ச்சியற்று இருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டால் உணவோடு சேர்த்து உதட்டையும் கடித்துவிடுவோம், சூடும் தெரியாது. மரத்த உணர்வு முழுக்கப் போனபிறகே வாயில் ஏதாவது வைக்க வேண்டும். அதனால் ஆபரேஷனுக்குப் போகும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. முழு மயக்கமோ தூக்க ஊசியோ கொடுப்பதாக இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் நேரம் வரை வெறும் வயிறு.

தைத்த இடத்தில் உறைந்திருக்கும் ரத்தக்கட்டிதான் புண் ஆறுவதற்கான முதல் கட்டு. அதைப் பெயர்த்தெடுப்பது சூடும் உறிஞ்சுதலும் துப்புதலும். இளநீர் நல்லதுதான், ஆனால் ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஆவி பறக்கும் காபியை 'சர்ர்' என்று உறிஞ்சும் பழக்கம் உள்ளவர்கள் அதை ஆறவைத்து, சாதாரணமாகப் பருக வேண்டும். எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வந்தால் பயந்துகொண்டு துப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. துப்பத் துப்ப ரத்தம் வரும், விழுங்கிவிட்டால் தானாக நின்றுவிடும். அன்று வாய் கொப்பளிக்கவும் கூடாது.

அன்றைக்கு என்ன சாப்பிடுவது? ஆறிய பால், உப்புப் போட்டுக் கடைந்த நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், குளிர்ந்த தயிரில் மைய மசித்த சாதம். ஐஸ்கிரீமும் சாப்பிடலாம், கோனும் முந்திரித் துண்டும் இல்லாமல். சூடு சரியா என்று பார்க்கக் குழந்தைக்குப் பால் ஆற்றும் முறையே போதும்: மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் சுடக் கூடாது. இந்த மிதமான சூட்டை இரண்டு நாளாவது தொடர வேண்டும், ஏனென்றால் வீக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமும் வலியும் குறைந்துகொண்டே வர வேண்டும். அதற்கு மாறாக ஏறினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, மறுநாளும் கீழுதடு மரத்தே இருந்தாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கஞ்சிப் பத்தியம் ஏன் போதாது

"புண் ஆறும்வரை முட்டை வேண்டாம், தயிர் சீழ் வைக்கும், மீன் ஆகாது, பருப்பு வாயு." இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அரிசிக் கஞ்சியும் இளநீரும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் கஞ்சிக்கு 30 கிராம் அரிசி. மூன்று வேளைக்கு 90 கிராம். அதில் இருக்கும் புரதம் 7 கிராம், கலோரி 300க்குச் சற்று மேல். இரண்டு இளநீரைச் சேர்த்தாலும் கலோரி 500ஐ எட்டுவது கஷ்டம், புரதம் 10 கிராம்கூட வராது.

ஆபரேஷனிலிருந்து தேறும் உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ள ஒருவருக்கு 60 முதல் 90 கிராம். கஞ்சிப் பத்தியம் அதில் ஆறில் ஒரு பங்குகூடக் கொடுப்பதில்லை. ஈறு மூடுவதற்கும், எலும்பு படிவதற்கு முன் விரிக்கப்படும் கொலாஜன் என்ற நார்ப்புரத வலைக்கும் புரதம்தான் மூலப்பொருள். வெளியே இருந்து வராதபோது உடம்பு தன் தசையை உருக்கிக் கொடுக்கப் பார்க்கும். மூன்றாம் நாள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதை "ஆபரேஷன் அசதி" என்று நினைக்கிறோம், பல நேரம் அது பசி.

தயிர் சீழ் வைப்பதில்லை. சீழ் வருவது கிருமியால். முட்டையும் மீனும் உங்களுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை தந்ததில்லை என்றால் இப்போது மட்டும் தரப்போவதில்லை. பெரியவர்கள் சொல்வதைத் தட்ட மனமில்லை என்றால், பத்தியத்தின் காரம் குறைவு, எண்ணெய் குறைவு, சூடு மிதம், எளிதில் செரிப்பது என்ற நல்ல பாதியை வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தைக் கழிக்கும் பாதியை மட்டும் விட்டுவிடுங்கள். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் எப்படி அமையலாம் என்று பார்ப்போம். காலையில் 30 கிராம் கேழ்வரகு மாவை 100 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிறு தீயில் 7, 8 நிமிடம் கிண்டி, 200 மி.லி. பால் சேர்த்தால் 8 கிராம் புரதம் கிடைக்கும். பத்து மணிக்கு இரண்டு முட்டையைப் பால் கொஞ்சம் சேர்த்து அடித்து, நெய்யில் கிளறி, ஓரம் முறுகும் முன்பே இறக்கினால் 12 கிராம். மதியம் பருப்பு சாதமும் 150 கிராம் தயிரும் சேர்ந்து 18 கிராம். மாலையில் ஒரு டம்ளர் பாலில் சலித்த பொட்டுக்கடலை மாவு இரண்டு தேக்கரண்டி கலந்தால் 8. இரவு மூன்று இட்லியை வடிகட்டிய பருப்பில் ஊறவைத்து, கூடவே முள் நீக்கி உதிர்த்த 60 கிராம் மீன் சாப்பிட்டால் 22 கிராம். சைவம் என்றால் மீனுக்குப் பதில் மசித்த பனீர் 60 கிராம். படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால், 6. கூட்டினால் 74 கிராம். இதில் மெல்ல வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை.

இதில் பருப்பு சாதம்தான் முதுகெலும்பு, அதனால் அதை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 50 கிராம் பச்சரிசி, 40 கிராம் பாசிப்பருப்பு, 450 மி.லி. தண்ணீர், சிட்டிகை பெருங்காயத்தூள். குக்கரில் 6 விசில். ஆவி தானாக அடங்கியபிறகு திறந்து, சூடு இருக்கும்போதே மத்தால் கடைய வேண்டும், ஆறினால் பருக்கை இறுகிக்கொண்டு மசியாது. முதல் இரண்டு நாளைக்குக் கடைந்ததைக் கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். மூன்றாம் நாளிலிருந்து தேவையில்லை. ஒரு தேக்கரண்டி நெய் விட்டுக்கொள்ளலாம். புழுங்கலரிசி இப்படி லேசில் மசியாது, பருக்கை பருக்கையாக நின்று தையல் ஓரத்தில் ஒட்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சுறாப் புட்டை மிஞ்சியது எதுவும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று செய்கிற அதே புட்டு. பால் சுறாவை அவித்துத் தோலையும் குருத்தெலும்பையும் நீக்கி உதிர்க்கும்போது முள் பயம் அறவே இல்லை. மிளகாயைக் குறைத்து, வெங்காயத்தை விழுதாக அரைத்துப் போட்டால் ஐந்தாம் நாளிலேயே சாப்பிடலாம்.

ஆட்டுக்கால் சூப் எலும்பை வளர்க்கும் என்ற நம்பிக்கையால் தினமும் அதையே கொடுக்கும் வீடுகள் உண்டு. தொண்டைக்கு இதமானது, உப்பும் நீரும் கிடைக்கும், குடிக்கலாம். ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் அளவுக்கு உண்டு, மேலே சொன்ன கேழ்வரகுக் கஞ்சியில் மாவு மட்டுமே 100 மில்லிகிராம் தரும். சூப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம்.

வைட்டமின் சி கொலாஜன் முறுக்கேற உதவுவது. எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லிச்சாறு எல்லாம் புண்ணில் எரியும். பப்பாளி எரியாது, 100 கிராமில் சுமார் 60 மில்லிகிராம் இருக்கிறது, கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம். கொய்யாவில் அதைவிட அதிகம், ஆனால் அதன் விதையை நினைத்தால் இந்த மூன்று மாதத்துக்குத் தள்ளி வைப்பதே மேல். வாழைப்பழத்தில் பூவன் சரி. ரஸ்தாளியில் சில சமயம் நடுவே கட்டி இருக்கும், மசித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கடுகு

நம் சமையலில் இம்ப்ளான்ட்டுக்கு ஆகாத பொருள் எது என்று கேட்டால் எல்லோரும் முறுக்கு, சீடை, தட்டை என்பார்கள். அவை கண்ணுக்குத் தெரியும், தவிர்த்துவிடலாம். தெரியாமல் உள்ளே போவது தாளிப்பு. ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கடுகு, தைத்த ஈறின் விளிம்புக்கும், ஸ்க்ரூ மேல் மூடியிருக்கும் சிறு உலோகத் தொப்பிக்கும் நடுவே கனகச்சிதமாகப் பொருந்தும். உளுத்தம்பருப்பின் உடைந்த பாதி, கறிவேப்பிலை நரம்பு, ரசத்தில் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, பொங்கலில் சீரகம், பொரியலில் தேங்காய்த் துருவல், எள், கசகசா, சப்ஜா, தக்காளி விதை, கத்தரி விதை எல்லாம் அதே ரகம். இரண்டு நாள் அங்கேயே இருந்தால் ஈறு சிவந்து தடிக்கும், தொட்டால் ரத்தம் வரும், வாய் நாறும். உடனே ஊக்கை எடுத்துக் குத்துவார்கள். குத்துவது தையலை அறுத்துவிடும், ஊக்கில் இருக்கும் கிருமி உள்ளே போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை இரு பக்கமும் சாய்த்து விட்டாலே பாதி வந்துவிடும். வராததை டாக்டர் எடுக்கட்டும்.

தாளிக்காமல் சாப்பிட முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. வழக்கம்போல எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போடுங்கள். வெடித்து அடங்கியதும் டீ வடிகட்டியைப் பாத்திரத்துக்கு மேல் பிடித்து எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். கடுகும் இலையும் வடிகட்டியில் நின்றுவிடும். தாளிப்பின் மணம் எண்ணெயில்தான் இறங்கியிருக்கிறது, ஒன்றும் குறையாது. ரசத்தையும் அதே வடிகட்டியில் வடித்து, புளியைப் பாதியாக்கி, ஆறவிட்டுச் சாதத்தில் ஊற்றலாம்.

கடையில் வாங்கும் சத்துமாவைச் சலிக்காமல் கொடுக்காதீர்கள். வறுத்த சோளமும் கடலையும் குருணையாக இருக்கும். ரவை உப்புமாவுக்கும் முதல் பத்து நாளைக்கு விடுப்பு. ஆப்பத்தின் நடுப்பகுதி, பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரை வடித்து ஊறப்போட்ட இட்லி ஆகியவற்றுக்குத் தடையில்லை. முருங்கைக்காய், கீரைத்தண்டு, வாழைத்தண்டு மூன்றின் நாரும் தையல் நூலில் சுற்றிக்கொள்ளும். கீரை வேண்டுமென்றால் இலையை மட்டும் ஆய்ந்து, மத்தால் மசித்தது.

எந்த உணவையும் சோதிக்க ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு துண்டை நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்துங்கள். பல்லைத் தொடாமலே நசுங்கினால் சாப்பிடலாம். வேகவைத்த பூசணி, சுரைக்காய், உருளைக்கிழங்கு நசுங்கும். கேரட் பெரும்பாலும் நசுங்காது, அதற்கு இன்னும் இரண்டு விசில் வேண்டும். சப்பாத்தி நசுங்கவே நசுங்காது.

24 மணி நேரம் கழிந்தபின் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து வாயில் வைத்துச் சாய்த்து வழியவிடுங்கள். டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி கொடுத்திருந்தால் அதற்கும் பற்பசைக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நுரை தரும் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அந்த மருந்தைப் பயன்படுத்தும் நாட்களில் டீ, காபியைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் மற்ற பற்களில் பழுப்புக் கறை ஏறும். ஆயில் புல்லிங் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கிராம்பு எண்ணெயைத் தையலில் தடவவும் கூடாது, அது ஈறைப் பொசுக்கும்.

மாத்திரையோடு மோதும் உணவு

வலி மாத்திரையில் பெரும்பாலானவை வெறும் வயிற்றில் விழுந்தால் இரைப்பையைப் புண்ணாக்கும். "சாப்பிட முடியவில்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டேன்" என்பதுதான் இரண்டாம் நாள் வாந்திக்கு வழக்கமான காரணம். ஒரு டம்ளர் பாலாவது அரை டம்ளர் பருப்புக் கஞ்சியாவது உள்ளே போன பிறகு மாத்திரை. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தால் மட்டும் பாலும் தயிரும் அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கட்டும், சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி சாப்பிடும் நாட்களிலும் முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடவே கூடாது.

சர்க்கரை நோயாளிக்குக் கஞ்சிப் பத்தியம் இரட்டைக் கெடுதல். வெறும் அரிசிக் கஞ்சியும் பழச்சாறும் சர்க்கரையைச் சடாரென ஏற்றும், ஏறிய சர்க்கரையில் புண் ஆறாது, கிருமி வளரும். அதே நபர் வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, வலியால் சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஆபரேஷன் நாளிலும் அடுத்த இரண்டு நாளிலும் மருந்தின் அளவு என்ன என்பதைச் சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடல் நடுங்கி, வியர்த்து, படபடத்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பத்தியம் பார்க்கக் கூடாது. மற்ற வேளைகளில் கஞ்சியில் அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டுங்கள், முட்டையோ தயிரோ கூட இருக்கட்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது, அவர்களுடைய டாக்டர் வகுத்த அளவே அளவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மசித்த கீரையைத் திடீரெனத் தினமும் சேர்க்கக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் அளவைப் புரட்டிவிடும்.

பீடி, சிகரெட்டைப் பற்றியும் சாப்பாட்டுக் கட்டுரையில் சொல்லித்தான் ஆக வேண்டும். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நீங்கள் தேடித் தேடிச் சாப்பிட்ட புரதம் புண்ணின் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறது. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்களுக்கு நிக்கோட்டினோடு சுண்ணாம்பின் எரிச்சலும் பாக்கின் கடினமும் சேர்கின்றன.

மேல் கடைவாயில் எலும்பு போதாமல், அதற்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்புத் தூள் வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெல்லிய சவ்வு ஒன்றுதான் அந்தத் தூளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அதனால் மிளகாய் வறுக்கும் நெடியில் நிற்பதும், மிளகுப்பொடி தூவிய சூப்பை முகத்தருகே கொண்டுபோவதும் அவர்களுக்கு ஆகாது. வீட்டில் சமைப்பவரே ஆபரேஷன் செய்துகொண்டவர் என்றால், அந்த இரண்டு வாரத்துக்குத் தாளிப்பும் வறுவலும் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை

இனி அந்த முறுக்குக்கு வருவோம். ஒற்றைப் பல் இம்ப்ளான்ட், ஸ்க்ரூ ஈறுக்குள் புதைந்திருக்கிறது என்றால், தையல் பிரித்தபின் எதிர்ப்பக்கம் மென்று சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம், சாதம், குழம்பு, வெந்த காய் எல்லாமே. உலோகத் தொப்பி ஈறுக்கு வெளியே தெரிகிறது என்றால் அந்தப் பக்கம் இன்னும் விலக்குதான். வாய்க்குள் உணவு ஒரு பக்கமாக நிற்பதில்லை, நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். தட்டையின் ஒரு சில்லு தொப்பியின் ஓரத்தில் பக்கவாட்டாக மோதினால் போதும், நேராக அழுத்தும் விசையைவிடப் பக்கவாட்டு விசையே ஸ்க்ரூவை அதிகம் ஆட்டும். எனவே வறுத்த கடலை, பொரி, முறுகிய அப்பளம், மொறுமொறு தோசை ஓரம், கரும்பு, மட்டன் துண்டு ஆகியவற்றை, டாக்டர் சரி என்று சொல்லும்வரை, எந்தப் பக்கத்திலும் மெல்லாமல் ஒத்திப்போடுவதே எங்கள் யோசனை. மட்டன் வேண்டும் என்றால் கொத்துக்கறியை நன்றாக வேகவைத்துப் பருப்போடு பிசைந்து சாப்பிடலாம்.

ஆபரேஷன் செய்த அன்றே தற்காலிகப் பல் பொருத்தியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல் இருக்கிறது, கடிக்கலாம் என்று கை தானாகப் போகும். முன்பல் என்றால் அது சிரிப்பதற்கு மட்டுமே, எதிர்ப்பல்லைத் தொடாதபடியேதான் அதை அமைத்திருப்பார்கள். ஆப்பிளை முன்பல்லால் கடித்தால் அந்த ஏற்பாடு பாழ். முழுத் தாடைக்கும் நான்கோ ஆறோ ஸ்க்ரூவின் மேல் ஒரே வரிசைப் பல் வைத்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் என்ற ஒன்றே கிடையாது. நாக்கில் நசுங்கும் உணவு என்ற அளவுகோலை அவர்கள் மூன்று மாதமும் விடக் கூடாது. அலுப்பாகத்தான் இருக்கும். அதற்காகவே வாரத்துக்கொரு புது வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் சுறாப் புட்டு, ஒரு வாரம் பனீர் மசியல், பால் கொழுக்கட்டை, கேழ்வரகு இடியாப்பம், நெஞ்செலும்புச் சூப்பில் ஊறிய ஆப்பம்.

சாப்பிடும்போது உலோகத் தொப்பி கழன்று வந்துவிட்டால், விழுங்கிவிடாமல் எடுத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திறந்த இடத்தை ஈறு ஓரிரு நாளில் மூட ஆரம்பித்துவிடும், பிறகு மறுபடி கீற வேண்டிவரும். தொப்பி கழன்றதால் ஸ்க்ரூவே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

எலும்பு பற்றிவிட்டது என்று உறுதியாகி, மேலே கேப் எனப்படும் நிரந்தரப் பல்லைப் பொருத்தியபின் கடிக்கலாம். அப்போதும் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் வாய் தானாகத் திறப்பது அந்தப் படலத்தின் உணர்ச்சியால்தான். இம்ப்ளான்ட் நேராக எலும்பில் ஒட்டியிருப்பதால் அந்தப் படலம் கிடையாது. கல் கடிபட்டது தெரிவதற்குள் தாடை முழு விசையோடு இறங்கியிருக்கும், செராமிக் சில்லு பெயரும் அல்லது உள்ளிருக்கும் சிறு ஸ்க்ரூ தளரும். முதல் சில வாரங்கள் வெந்த காயிலும் சப்பாத்தியிலும் தொடங்கி, கடலைக்கும் முறுக்குக்கும் மெதுவாகப் போங்கள். நல்லி எலும்பையும் நண்டின் ஓட்டையும் அந்தப் பல்லால் உடைக்கவே வேண்டாம், அதற்கு இடுக்கியும் அம்மிக்குழவியும் இருக்கின்றன.